பழைய வண்டியும் புதிய ஆசையும்

(தெஹியோவிட்டையில் நம் சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

எனக்கு முன் பேசியவர்கள் கல்வியைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் நன்றாகப் பேசிச் சென்றார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்து நிற்கும் நானோ மோட்டார் திருத்துகிறவன். கையிலே கிரீசுக் கறை போகாதவன். "அண்ணே, உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள், போதும்" என்று செயலாளர் தம்பி சொன்னார். எனக்குத் தெரிந்தது வண்டி. ஆகவே வண்டியைப் பற்றியே பேசுகின்றேன். அதிலும், பழைய கெப் வண்டி ஒன்றை வாங்கிவிட்டு, கையிலே காசு குறைவாயிருக்கின்ற நேரத்தில், அதைச் சிங்காரிக்க வேண்டுமென்று மனத்திலே எழுகின்ற ஆசையைப் பற்றிப் பேசப்போகின்றேன். சிரிக்கின்றீர்கள். வெளியிலே நிறுத்தியிருக்கும் வண்டிகளையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் நான் உள்ளே வந்தேன் என்பதை நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கு ஒரு காலத்திலே சின்ன ரயில் வந்தது. களனிப் பள்ளத்தாக்குப் பாதையிலே அவிசாவளையிலிருந்து யட்டியாந்தோட்டைக்குப் போன குறுகிய ரயில் அது. இறப்பரையும் தேயிலையையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. 1942ஆம் ஆண்டு, யுத்த காலத்தில், அந்தப் பகுதியை மூடிவிட்டார்கள். அதற்குப் பின் நமக்கு எல்லாம் ரோட்டு வழிதான். தெரணியகலைப் பக்கத்துத் தோட்டத்திலே ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு நடு இரவில் நோவு எடுத்தாலும், ஒரு வீட்டிலே கலியாணம் என்றாலும், இழவு என்றாலும், வாழைக்குலையைச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றாலும், லயத்திலே யார் வீட்டு வாசலில் வண்டி நிற்கின்றதோ அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுகின்றோம். ஆகவே நம்மிடையே ஒரு பையன் கெப் வண்டி வாங்கினால், அவன் தனக்கென்று மட்டும் வாங்கவில்லை. முழு லயமும் அதிலே ஏறப்போகின்றது.

அந்த வண்டி புது வண்டியாக இருப்பதில்லை. 2020 மார்ச்சில், அந்நியச் செலாவணிக்கு வந்த தட்டுப்பாட்டினால், இந்நாட்டிலே வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த கதவடியில் வரி உட்கார்ந்திருந்தது. அந்த ஐந்து ஆண்டுகளிலே முப்பது வயதுக் கிழட்டு வண்டிகளெல்லாம் மாப்பிள்ளைகளாகிவிட்டன. நம் பிள்ளைகள் வாங்கியதெல்லாம் அந்த மாப்பிள்ளைகளைத்தான்.

காசு எங்கிருந்து வருகின்றது என்பதும் நமக்குத் தெரியும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினாலே உண்டான ஊழியர் சேமலாப நிதி, நம் தகப்பன்மார் தாய்மாருடைய சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்துவைத்த காசு. வாழ்நாளிலே ஒரே ஒரு தடவை மொத்தமாய்க் கைக்கு வருகின்ற பணம். அதைப் பிள்ளையிடம் கொடுத்து, "தம்பி, ஒரு வண்டிய கிண்டிய வாங்கிப் பொழைச்சுக்கோ" என்கின்றார்கள்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். 2011ஆம் ஆண்டு. எனக்கு வயது இருபத்து நான்கு. அப்பொழுது நான் மெக்கானிக்கு அல்லன். தோட்டத்துப் பால் லொறியிலே கிளீனராய் இருந்தேன். அப்பாவின் பணத்தோடு என் அக்காள் புருஷன், என் மச்சான், தன்னுடைய சீட்டுக் காசையும் போட்டார். ஏழு இலட்சத்து எண்பதாயிரம் ரூபாவுக்கு ஒரு ஜப்பானியக் கெப் வண்டி வாங்கினோம். என்னைவிட அதற்கு ஒரு வயது கூட. வாங்கிய பின் கையிலே மிஞ்சியது தொண்ணூறாயிரம்.

வண்டியைப் பார்த்துக் கொடுத்த பாஸ் ஒருவர், வயதானவர், அடியிலே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து சொன்னார்: "பிரேக் ஷூ, பேட், நாலு சக்கரத்து இறப்பர் குழாய், மாஸ்டர் சிலிண்டருக்கு உள்ளிருக்கும் இறப்பர், எல்லாம் மாற்ற வேண்டும். இருபத்தோராயிரம் வைத்துக்கொள்." நாங்களும் "சரி பாஸ்" என்றோம். அன்றைக்கு மனதாரத்தான் சொன்னோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சானும் நானும் கொழும்புக்குப் போனோம். பஞ்சிகாவத்தையிலே பழைய உதிரிப்பாகக் கடைகள் வரிசையாய் இருக்கின்றனவே, அங்கேதான். பிரேக் ஷூ வாங்கத்தான் போனோம். போகின்ற வழியிலே ஒரு கடை வாசலில் அலோய் ரிம் நான்கு அடுக்கி வைத்திருந்தான். வெயில் பட்டு மின்னிற்று. தம்பிமாரே, வாழ்க்கையிலே நான் கண்ட பளபளப்புக்களில் அதற்கு ஈடு வேறொன்றில்லை. அகன்ற டயரோடு சேர்த்து ஐம்பத்தீராயிரம். பெரிய டயர் சக்கர வளைவிலே உரசும் என்றார்கள். ஆகவே பின்னாலே வில்தகடு இரண்டு கூட்டி, முன்னாலும் சற்று உயர்த்தப் பதினாலாயிரம். உயர்ந்த வண்டிக்கு விளக்கு வேண்டாமா? நான்கு விளக்கு, ஒன்பதாயிரம். பாட்டுப் பெட்டி பதினோராயிரம். முன் கண்ணாடியிலே பெரிய எழுத்தில் "தந்தையின் வியர்வை" என்று ஒட்ட ஆயிரத்தைந்நூறு. கூட்டிப் பாருங்கள்: எண்பத்தேழாயிரத்து ஐந்நூறு. மிஞ்சிய இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு டீசல் அடித்துக்கொண்டு வீடு வந்தோம். பிரேக்கை அடுத்த மாத வாடகைக் காசிலே பார்த்துக்கொள்வோம் என்று வழியிலேயே முடிவு செய்தாயிற்று.

அப்பா வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடி எழுத்தை நான் வாசித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏன்டா தம்பி, அதை எழுதாட்டி வண்டி ஓடாதா?" என்று கேட்டார். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

இங்கே ஒரு உண்மையை நான் ஒளிக்கக் கூடாது. அந்த எண்பத்தேழாயிரத்துக்கு எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். தெஹியோவிட்டைச் சந்தியிலே வண்டியை நிறுத்தி இறங்கினேன். அதுவரை என்னை "டேய்" என்று கூப்பிட்ட கடைக்காரர் அன்றைக்கு "மாத்தையா, என்ன வேணும்?" என்றார். பஸ்ஸிலே ஏறினால் உள்ளே தள்ளுகின்ற கண்டக்டர் கையைத் தூக்கி எனக்கு வழிவிட்டார். லயத்திலே பிறந்தவனுக்கு அந்த ஒரு சொல்லின் ருசி என்னவென்று இந்தச் சபைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரிம் வாங்கினேன் என்று நினைத்தேன். வாங்கியது அந்தச் சொல்லைத்தான். ஆகவே வண்டியைச் சிங்காரிக்கின்ற பிள்ளையைப் பார்த்து, "ஆடம்பரம், ஊதாரித்தனம்" என்று மேடையிலே நின்று ஏசுகின்ற பெரியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவன் எதைத் தேடுகின்றான் என்று அவர்கள் ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும்.

நிற்க. எட்டாவது கிழமை அது நடந்தது. தெரணியகலைப் பக்கத்திலிருந்து வாழைக்குலை ஏற்றிக்கொண்டு இறங்குகின்றோம். குலையின் மேலே என் தாய்மாமனும் இன்னும் இருவரும் உட்கார்ந்திருக்கின்றார்கள். மாமா இதோ மூன்றாம் வரிசையிலே இருக்கின்றார். அவருடைய உத்தரவைக் கேட்டுக்கொண்டுதான் சொல்கின்றேன். பாட்டுப் பெட்டி பாடிக்கொண்டிருக்கின்றது. பாதி இறக்கத்திலே ஏதோ கருகுகின்ற வாசனை. தோட்டத்திலே யாரோ குப்பை கொளுத்துகின்றார்கள் என்று நினைத்தேன். அடுத்த வளைவிலே பிரேக்கை மிதித்தால், பெடல் மெதுவாகத் தரைவரை போயிற்று. இரண்டாம் கியருக்கு இழுத்தேன். கைப் பிரேக்கை இழுத்தேன். கடைசியில், பள்ளத்தின் பக்கம் விடாமல், மேட்டுப் பக்கத்து மண் சுவரிலே வண்டியைச் சாத்தினேன். வண்டி நின்றது. மாமா கீழே விழுந்தார். வலக்கை மணிக்கட்டு முறிந்தது.

அவர் பால் வெட்டுகிறவர். இறப்பர் மரத்தின் பட்டையை மயிரிழை கனத்திலே சீவ வேண்டும். சற்று ஆழமாய்ப் போனால் மரத்துக்குக் காயம், பிறகு அந்த இடத்திலே பட்டை சரியாய் வளராது. முறிந்த கை ஒட்டிற்று. ஆனால் நடுக்கம் போகவில்லை. கத்தியை வாங்கிக்கொண்டு அவரைப் புல் வெட்டுக்குப் போட்டார்கள். முப்பது வருஷ வேலைக்காரர்.

ஏன் பிரேக் பிடிக்கவில்லை? பழைய ஷூவும் பழைய குழாயும் ஒரு காரணம். அது எனக்கு அன்றைக்கே தெரிந்தது. மற்றக் காரணம் தெரிய இரண்டு வருஷம் சென்றது. அந்தத் தேடலிலேதான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். இதைக் கொஞ்சம் விரிவாய்ச் சொல்கின்றேன். தாய்மார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஜப்பானியக் கெப் வண்டிகள் பலவற்றிலே பின்னச்சுக்கும் வண்டியின் சட்டத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பி இருக்கின்றது. அதன் மறுமுனை பிரேக் எண்ணெய் போகின்ற ஒரு வால்விலே மாட்டியிருக்கும். சுமை ஏற்றினால் பின்பக்கம் தாழும், கம்பி அசையும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடப் போகும். சுமை இல்லாவிட்டால் பின்பக்கம் உயர்ந்து நிற்கும், அழுத்தம் குறையும். வெறும் வண்டியிலே பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நாங்கள் என்ன செய்தோம்? வில்தகடு கூட்டிப் பின்பக்கத்தைத் தூக்கினோம். தூக்கியவர் அந்தக் கம்பியைத் திருப்பிச் சரிபார்க்கவில்லை. எங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே ஒரு கெப் நிறைய வாழைக்குலை ஏற்றிய பின்னும், வண்டி வெறுமையாய் இருக்கின்றது என்றே அந்தக் கம்பி நினைத்துக்கொண்டிருந்தது. பின் பிரேக் பாதி வேலைதான் செய்தது. முன் பிரேக் எல்லாவற்றையும் சுமந்து, சூடேறி, கருகிற்று. பிரேக் எண்ணெயோ காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுகின்ற பொருள். நம் ஊர் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? வருஷக் கணக்கில் மாற்றாத எண்ணெய்; அதிலிருந்த தண்ணீர் சூட்டிலே ஆவியாயிற்று; ஆவியை எவ்வளவு மிதித்தாலும் அது அமுங்குமே தவிரச் சக்கரத்தைப் பிடிக்காது. பெடல் தரைக்குப் போனதன் இரகசியம் இதுதான்.

ரிம்மின் கணக்கையும் கேளுங்கள். முன்பிருந்த டயர் இருபத்தாறு அங்குல உயரம்; நான் போட்டது இருபத்தொன்பது. அதே பிரேக், அதே மிதி. சக்கரம் பெரிதானதால் ரோட்டிலே கிடைக்கின்ற பிடி நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைந்துவிடும். வேகமானியோ ஐம்பது காட்டும்போது வண்டி ஐம்பத்தைந்துக்கு மேலே ஓடுகின்றது. ஏற்றத்திலே எஞ்சின் திணறும், கிளச்சு தேயும். இவ்வளவும் ஒரு மினுக்கத்துக்கு வட்டி.

விளக்கும் அப்படியே. ஐம்பத்தைந்து வாட் விளக்கு நான்கு என்றால், பன்னிரண்டு வோல்ட் பற்றரியிலிருந்து பதினெட்டு அம்பியர் இழுக்கும். முப்பது வருஷத்து வயரிலே, ரிலேயும் பியூசும் இல்லாமல், இருக்கின்ற விளக்கு வயரைச் சுரண்டி முறுக்கிக் கட்டினால், டாஷ்போர்டுக்குப் பின்னாலே அடுப்பு மூட்டியதற்குச் சமம். என்னிடம் வருகின்ற பழைய வண்டிகளிலே வயர் கருகாத சோடனை விளக்கை நான் அபூர்வமாகத்தான் கண்டிருக்கின்றேன்.

யாழ்ப்பாணத்தை நினைத்துப் பாருங்கள். 1990ஆம் ஆண்டுக்குப் பின் வந்த பொருளாதாரத் தடைக் காலத்திலே அங்கே பெற்றோலும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. ஒஸ்ரின் ஏ-40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் என்று முப்பது நாற்பது வயதுக் கார்களை மண்ணெண்ணெயிலே ஓட்டினார்கள். ஒரு சிறு போத்தலிலே கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, அதை விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கக்கிக்கொண்டு நோயாளியையும் மணப்பெண்ணையும் சுமந்தன. அந்தக் கார்களை யாரும் அழகென்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவற்றை ஓட்டிய மனிதர்களுக்கு வண்டியின் ஒவ்வோர் ஆணியும் தெரிந்திருந்தது. ஊரிலே அவர்களுக்கு இருந்த மதிப்பும் பெரிது. கடை வாசலிலே எனக்குக் கிடைத்த "மாத்தையா"வும் அந்த மதிப்பும் ஒரே சாதிதானா என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

அலங்காரமே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. தமிழ்நாட்டிலே நாமக்கல் லொறிக்குக் கூடு கட்டுவதிலே பேர்போன ஊர். தொழிற்சாலையிலிருந்து எஞ்சினும் சட்டமுமாய் வருகின்ற வண்டிக்கு அங்கே உடல் கட்டுகின்றார்கள். பூவும் மயிலும் பெயரும் எழுதுகிறவன் கடைசியாகத்தான் வருவான். அவன் வரும்போது மரவேலையும் இரும்புவேலையும் முடிந்திருக்கும். ஜப்பானிலே 1975இல் வெளிவந்த ஒரு லொறிச் சினிமாவுக்குப் பின், லொறி முழுவதும் வர்ண விளக்கு மாட்டுகின்ற மோகம் பரவிற்று. அந்த லொறிகளின் அடியிலே இருந்தது நல்ல பிரேக்கு. நம்முடைய வரிசைதான் தலைகீழ்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகின்றேன். 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இருக்கின்றது. வண்டியின் நிறமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்திலே உள்ளபடி இருக்க வேண்டும். 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' என்ற பெயரிலே பொலிசார் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மாட்டியிருந்த மேலதிகச் சோடனைகளைக் கழற்றச் செய்தார்கள், உரிமையாளர்கள் கொதித்தெழுந்தார்கள், பிறகு தவணை கொடுக்கப்பட்டது. மாட்டுவதற்கு ஒரு கூலி, கழற்றுவதற்கு ஒரு கூலி. இவ்வளவு போதும்.

அப்படியானால் காசு குறைந்தவன் தன் வண்டியை அழகாய் வைத்திருக்கவே முடியாதா? முடியும். துருப் பிடித்த இடத்தைச் சுரண்டி, அடிப்பூச்சுப் பூசி, ஒரே நிறத்திலே வர்ணம் அடியுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அது சிங்காரம். கிட்ட வந்து பார்த்தால் அது வைத்தியம். நம் வண்டிகளுக்கு இது மிக அவசியம். இறப்பர்ப் பால் உறைவதற்குப் போடுகின்ற போமிக் அமிலம் பின் தட்டிலே சிந்தினால் தகட்டைத் தின்றுவிடும். அன்றன்றைக்கே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். அந்தத் தட்டுக்கு மேல் கனத்த பூத்தகடு அடிப்பது இப்பொழுது ஒரு நாகரிகம். மூன்று மில்லிமீற்றர்த் தகடு ஒரு தட்டு முழுவதும் அடித்தால் எண்பத்தைந்து கிலோ வரை வரும். ஏறக்குறைய இரண்டு மூட்டை அரிசி. ஒவ்வொரு பயணமும் அதைக் கூலியில்லாமல் சுமக்கின்றீர்கள். நல்ல பலகை போடுங்கள். இறப்பர்ப் பலகை மட்டும் வேண்டாம். நம்முடைய மரந்தான், ஆனாலும் மழையிலே பூச்சி அரித்துவிடும்.

ஆசனத்துக்கு நல்ல உறை தையுங்கள். நாள் முழுவதும் ஓட்டுகின்றவனுடைய முதுகு நன்றி சொல்லும். பழைய டயர் வாங்கினால் பக்கவாட்டிலே இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் பிறந்தது என்று அர்த்தம். பூ எவ்வளவு ஆழமாய் இருந்தாலும் கிழட்டு டயர் கிழட்டு டயர்தான். பஞ்சிகாவத்தையிலே எஞ்சின் பாகம் பழையது வாங்கலாம், கதவு வாங்கலாம். பிரேக்கிலே போகின்ற எந்த இறப்பர்ச் சாமானும் புதிதாய்த்தான் வாங்க வேண்டும். ஆயுத பூசையன்று சந்தனமும் மாலையும் போட்டு, சக்கரத்தடியிலே எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை மணவறைபோல் நிறுத்துங்கள். அதற்கு என்ன செலவு?

அந்த ரிம்களை நான் விற்றுவிட்டேன். முப்பத்தோராயிரத்துக்குத்தான் போயின. அந்தக் காசிலே முதலில் பிரேக்கு. மிச்சம் மாமாவின் வீட்டுக்கு. வண்டி இன்னும் என்னிடந்தான் இருக்கின்றது. கண்ணாடி எழுத்தை அப்பா இருக்கும்போதே சுரண்டி எடுத்துவிட்டேன். மாமா இப்பொழுதெல்லாம் முன் ஆசனத்திலேதான் வருகின்றார். இறக்கம் வந்தால் மட்டும் பேச்சை நிறுத்திவிடுவார். பொய் சொல்லக் கூடாது, போன வருஷம் ஒரு கடையிலே புதுவித விளக்கு ஒன்றைக் கண்டு அரைமணி நேரம் நின்றேன்.

நான் பார்த்தபடி வெளியிலே ஒன்பது வண்டிகள் நிற்கின்றன. அவற்றில் நான்கின் பின்பக்கம் தூக்கியிருக்கின்றது. யாருடையது என்று இங்கே கேட்கமாட்டேன். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே பட்டறையைத் திறந்து வைப்பேன். அந்தக் கம்பியைச் சரிபார்க்கக் கூலி வேண்டாம். பிரேக் எண்ணெய் மட்டும் நீங்கள் வாங்கிக்கொண்டு வர வேண்டும். மூடியை உடைக்காத போத்தலாய்ப் பார்த்து வாங்குங்கள்.